படகுக்கு விசை தந்த ஓலே எவின்ரூட்

பாயா ரும்புட்டிலிருந்து சிறிது நேரம் பயணம் செய்தால் மலாக்கா நீரிணையை அடைந்துவிடலாம். தங்கா பத்து, பந்தாய் குண்டோர், தஞ்சோங் கிளிங் போன்ற கரையோரப் பகுதிகளில் சிறு படகுகளில் தொழில் செய்யும் மீனவர்களைக் காணலாம். படகின் பின்பலகையில் ஓர் இயந்திரம் தொங்கிக்கொண்டிருக்கும். மீனவர் அதன் கயிற்றைப் பிடித்து ஒருமுறை, இருமுறை இழுப்பார். இயந்திரம் உறுமிக்கொண்டு உயிர்பெறும். படகு அலைகளைக் கிழித்துக்கொண்டு கடலுக்குள் விரையும்.

நண்பகலில் நிலைமை மாறலாம். வலையைத் தூக்குவதற்காக இயந்திரத்தை நிறுத்திய மீனவர், கரைக்குத் திரும்ப மீண்டும் கயிற்றை இழுப்பார். காலையில் இரண்டே இழுப்பில் இயங்கிய அதே இயந்திரம் இப்போது பிடிவாதம் பிடிக்கும். பத்து முறை இழுத்தாலும் பயன் இராது. வெயில் ஏறும், நீரோட்டம் படகை இழுத்துச் செல்லும். கரையில் நின்றுபோன மோட்டார்வண்டி வெறும் தொல்லைதான். கடலில் நின்றுபோன படகோ உயிருக்கே ஆபத்தாகலாம்.

படகின் பின்புறத்தில் மாட்டும் இயந்திரத்தை உலகெங்கும் உள்ள எளிய மக்களின் கைக்குக் கொண்டுவந்தவர் ஓலே எவின்ரூட். ஓடாத படகை ஓடவைத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. நின்ற இயந்திரத்தை மறுபடியும் எளிதாக இயங்கவைக்கவும் வழி தேடினார். அவருடைய வாழ்க்கையும் ஒருமுறை நின்று மறுபடியும் இயங்கிய வாழ்க்கைதான்.

ஏரிக்கரைச் சிறுவன்

ஓலே எவின்ரூட் 1877ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் நார்வே நாட்டில் பிறந்தார். அவருக்கு ஐந்து வயதானபோது அவருடைய குடும்பம் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் எனும் சிற்றூருக்கு அருகில், ரிப்லி ஏரிக்கரையில் அவர்கள் குடியேறினர். பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்து, காடு திருத்திக் கழனியாக்கிய குடும்பங்களுள் அதுவும் ஒன்று. தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி மலாயாவின் தோட்டங்களுக்கு வந்த குடும்பங்களின் கதையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வீட்டில் வறுமை இருந்தது. ஓலே பள்ளிக்குச் சென்றது சில ஆண்டுகளே. சிறு வயதிலேயே பண்ணை வேலை அவர் தோளில் ஏறிவிட்டது. ஆனால், அவருடைய மனம் வயலைவிட ஏரியையே நாடியது. மரத்தைச் செதுக்குவதிலும் உடைந்த கருவிகளைச் செப்பனிடுவதிலும் அவருக்குத் தணியாத ஆர்வம் இருந்தது.

சிறுவன் ஓலே தானே ஒரு பாய்மரப் படகைச் செய்ய முயன்றதாகக் கூறுவர். மகன் விவசாயத்தை விட்டுவிடுவானோ என்று அஞ்சிய தந்தை அதன் பாகங்களைத் தீயிலிட்டாராம். ஓலே அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. மீண்டும் பாகங்களைச் செதுக்கினார். இம்முறை அவற்றை மறைத்துவைத்தார். படகையும் செய்து முடித்தார். கோடையில் ஏரிக்கு வந்த சுற்றுலாப் பயணிகளை அப்படகில் ஏற்றிச் சென்று பணமும் ஈட்டினார். அதைக் கண்ட பிறகே மகனின் பாதை வேறு என்பதைத் தந்தை உணர்ந்தாராம்.

பட்டறையே பள்ளிக்கூடம்

பதினாறாம் வயதில் ஓலே வீட்டைவிட்டுப் புறப்பட்டார். முப்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் இருந்த மேடிசன் நகரை நடந்தே அடைந்தார். அங்கே ஓர் இயந்திரப் பட்டறையில் தொழில் பழகுபவராகச் சேர்ந்தார். பகலில் இரும்போடும் எண்ணெயோடும் உழைத்தார். இரவில் கணிதமும் பொறியியலும் தாமே படித்தார். பள்ளிக்கூடம் கொடுக்காத கல்வியைப் பட்டறையும் புத்தகங்களும் கொடுத்தன.

அதன்பின் பிட்ஸ்பர்க் நகரின் எஃகு ஆலைகளிலும் சிக்காகோ நகரின் இயந்திரத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்தார். ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு நுட்பத்தைக் கற்றார். இறுதியில் மில்வாக்கி நகருக்கு வந்து, வார்ப்பு அச்சு செய்யும் தொழிலில் தேர்ந்தார். அது பெட்ரோல் இயந்திரங்கள் புதிதாகப் பரவத் தொடங்கிய காலம். குதிரை பூட்டாத வண்டிகள் வீதியில் அதிசயமாகப் பார்க்கப்பட்டன. ஓலேயும் தம் வீட்டில் சிறு பெட்ரோல் இயந்திரங்களைச் செய்து பார்க்கத் தொடங்கினார்.

கூட்டாளிகளுடன் சேர்ந்து தொழில் தொடங்கினார், அம்முயற்சிகள் நிலைக்கவில்லை. இயந்திரத்தின் நுட்பம் அவருக்குத் தெரிந்திருந்தது. வாணிகத்தின் நுட்பம் தெரியவில்லை. கடிதம் எழுதுவதும் கணக்கு வைப்பதும் அவருக்கு வேப்பங்காயாகக் கசந்தன. அந்தக் குறையை நிறைவாக்க வந்தவர் பெஸ் கேரி. அக்கம்பக்கத்தில் வாழ்ந்த அவ்விளம்பெண் வணிகக் கல்வி பயின்றவர். ஓலேயின் கடிதங்களை எழுதித் தந்தும் கணக்குகளைச் சீர்செய்தும் அவர் உதவினார். 1906ஆம் ஆண்டு இருவரும் திருமணம் செய்துகொண்டனர்.

உருகிய பனிக்கூழ்

1906ஆம் ஆண்டுக் கோடைகாலத்தைப் பற்றி ஒரு கதை பலராலும் சொல்லப்படுகிறது. ஓலேயும் பெஸ்ஸும் நண்பர்களுடன் ஒக்காச்சி ஏரிக்கு உல்லாசப் பயணம் சென்றிருந்தனர். அனல் பறக்கும் வெயில். பெஸ் பனிக்கூழ் சாப்பிட ஆசைப்பட்டார். கடை இருந்ததோ ஏரியின் மறுகரையில். ஓலே தயங்காமல் படகில் ஏறித் துடுப்பை வலித்தார். போக நான்கு கிலோமீட்டர். வர நான்கு கிலோமீட்டர். வியர்வை சொட்டச் சொட்ட அவர் திரும்பி வந்தபோது பனிக்கூழ் உருகி நீராகியிருந்தது.

வெயில் நேரத்தில் பொட்டலம் கட்டி வாங்கிய செண்டோலை வீடுவரை கொண்டு செல்லும் மலாக்காவாசிகளுக்கு அந்த ஏமாற்றம் புரியும். ஆனால், ஓலேயின் எண்ணம் பனிக்கூழோடு நிற்கவில்லை. தரையில் வண்டியை ஓட்டும் பெட்ரோல் இயந்திரம் தண்ணீரில் படகை ஏன் ஓட்டக்கூடாது? அதுவும், வேண்டும்போது மாட்டி, வேண்டாதபோது கழற்றித் தூக்கிச் செல்லும் வகையில் ஏன் இருக்கக்கூடாது? இந்தக் கேள்விகள் அவரை உறங்கவிடவில்லை.

படகின் பின்புறத்தில் மாட்டும் இயந்திரத்தை முதன்முதலில் எண்ணியவர் ஓலே அல்லர். அவருக்கு முன்பே சிலர் முயன்றிருந்தனர். டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த கேமரன் வாட்டர்மேன் அத்தகைய இயந்திரங்களைச் செய்து விற்றும் இருந்தார். எனினும், எளிய அமைப்பும் உறுதியும் கொண்டு, பெருமளவில் மக்களைச் சென்றடைந்த இயந்திரத்தை உருவாக்கிய பெருமை ஓலேயையே சாரும்.

காப்பிக்கொட்டை அரைக்கும் பொறியா?

1907ஆம் ஆண்டில் ஓலே தமது முதல் படகு இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெஸ் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். காப்பிக்கொட்டை அரைக்கும் பொறிபோல் அது இருந்ததாக அவருக்குத் தோன்றியது. ஓலே மனம் தளரவில்லை. ஆற்றில் ஓட்டிப் பார்த்தார், படகு நகர்ந்தது. குறைகளைக் கண்டார், திருத்தினார், மீண்டும் ஓட்டினார்.

அந்த இயந்திரத்தின் அமைப்பு எளிமையானது. மேலே ஒரே ஒரு சிலிண்டர் படுக்கைவாட்டில் இருந்தது. அதனுள் எரிந்த பெட்ரோல் பிஸ்டனைத் தள்ள, செங்குத்தாக நின்ற தண்டு சுழன்றது. அத்தண்டு தண்ணீருக்குள் இறங்கி, பற்சக்கரங்களின் வழியாகத் தன் சுழற்சியைக் கிடைமட்டமாகத் திருப்பியது. அதன் முனையில் இருந்த புரொப்பெல்லர் சுழன்று படகைத் தள்ளியது. பின்னர் உலகமெங்கும் செய்யப்பட்ட படகு இயந்திரங்கள் பெரும்பாலும் இதே அடிப்படை அமைப்பைப் பின்பற்றின.

திருத்தி அமைத்த இயந்திரத்தை நண்பர் ஒருவர் இரவல் வாங்கிச் சென்றார். அவர் திரும்பி வந்தபோது பத்து இயந்திரங்களுக்கான கேட்பும் அதற்குரிய பணமும் கொண்டுவந்தார். 1909ஆம் ஆண்டில் இயந்திரங்கள் விற்பனைக்கு வந்தன. ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்ட அதன் எடை 62 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 28 கிலோகிராம். விலையும் 62 டாலர். 1911ஆம் ஆண்டில் ஓலேயின் அமைப்புக்குக் காப்புரிமை கிடைத்தது.

இயந்திரத்தைப் பார்த்து அன்று சிரித்த பெஸ்தான் அதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். துடுப்பை வலிக்க வேண்டாம், அதைத் தூக்கி வீசிவிட்டு எவின்ரூட் இயந்திரத்தைப் பயன்படுத்துங்கள் என்னும் கருத்தில் அவர் எழுதிய விளம்பரம் மக்களைக் கவர்ந்தது. கிறிஸ் மேயர் என்னும் தொழிலதிபர் முதலீடு செய்து பங்குதாரரானார். ஸ்காண்டிநேவிய நாடுகளின் மீனவர்களும் அந்த இயந்திரத்தை விரும்பி வாங்கினர். ஐந்து வயதில் ஓலே விட்டு வந்த வடகடல் பகுதிக்கே அவருடைய இயந்திரம் திரும்பிச் சென்றது.

இயக்குவதே பெரும்பாடு

புகழ் பரவியபோதும் ஒரு குறை தொடர்ந்தது. அக்காலப் படகு இயந்திரத்தை இயக்குவது எளிதன்று. அதன் தலையில் ஒரு கனமான சுழல்சக்கரம் இருந்தது. அதில் பொருத்தப்பட்ட குமிழைக் கையால் பிடித்து வேகமாகச் சுழற்ற வேண்டும். இயந்திரம் சட்டென்று இயங்கினால் குமிழும் சேர்ந்து சுழலும். கையை உடனே எடுக்காதவரின் விரல் முட்டிகளை அது பதம் பார்த்துவிடும். அதனால், அந்தக் குமிழுக்கு முட்டியை உடைப்பது என்னும் பட்டப்பெயரும் ஏற்பட்டது.

இயந்திரம் ஏன் அடம்பிடிக்கிறது? பெட்ரோல் இயந்திரம் இயங்க மூன்று வேண்டும்: எரிபொருள், காற்று, தீப்பொறி. எரிபொருளும் காற்றும் சரியான அளவில் கலக்க வேண்டும். சிலிண்டருக்குள் அந்தக் கலவை அழுத்தப்பட வேண்டும். உரிய நொடியில் ஸ்பார்க் பிளக்கில் வலுவான தீப்பொறி எழ வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் இயந்திரம் இயங்காது.

குளிர்ந்திருக்கும் இயந்திரத்தில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. எனவே, காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்ட வேண்டும். சோக் என்னும் அமைப்பு அதற்காகவே உள்ளது. சூடான இயந்திரத்துக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. காலையில் செய்ததைப் போலவே நண்பகலிலும் சோக்கை இழுத்துக்கொண்டு கயிற்றை இழுப்பவர், தம்மை அறியாமலேயே சிலிண்டருக்குள் பெட்ரோலை வெள்ளமாகப் பாய்ச்சிவிடுகிறார். ஸ்பார்க் பிளக் நனைந்துவிடுகிறது, தீப்பொறி வலுவிழக்கிறது. அதன்பின் எவ்வளவு இழுத்தாலும் வெள்ளம் கூடுமே தவிர, இயந்திரம் இயங்காது.

வேறொரு காரணமும் உண்டு. ஓடும் இயந்திரத்தை அதனூடே பாயும் தண்ணீர் குளிர்விக்கிறது. இயந்திரம் நின்றவுடன் தண்ணீரின் ஓட்டமும் நின்றுவிடுகிறது. அப்போது உள்ளே தேங்கிய வெப்பம் கார்புரேட்டருக்கும் எரிபொருள் குழாய்க்கும் பரவுகிறது. அங்குள்ள பெட்ரோல் ஆவியாகிவிட்டால், சிலிண்டருக்குச் சேர வேண்டிய அளவு சேராது. ஓடிக் களைத்த இயந்திரம் நின்ற சில நிமிடங்களில் மீண்டும் இயங்க மறுப்பதற்கு இதுவும் காரணமாகலாம்.

வலிமையோடு கயிற்றை இழுப்பதால் மட்டும் இயந்திரம் இயங்கிவிடாது என்பதை ஓலே அறிந்திருந்தார். தீப்பொறி வலுவாக இருந்தால், சிறு சுழற்சியே போதும். எடை குறைந்தால், முதியவரும் இயந்திரத்தைக் கையாளலாம். ஆனால், அந்த எண்ணத்தைச் செயலாக்குவதற்கு முன் அவர் தம் தொழிலையே துறக்க நேர்ந்தது.

தொழிலா, துணைவியா?

தொழில் வளர வளர, பெஸ்ஸின் உடல்நலம் குன்றியது. பகலில் அலுவலக வேலை, இரவில் கடிதங்கள், இடையில் 1907ஆம் ஆண்டில் பிறந்த மகன் ரால்ஃபைப் பராமரிக்கும் பொறுப்பு. ஓயாத உழைப்பு அவரை வாட்டியது. அவருக்கு நீண்ட ஓய்வு தேவைப்பட்டது.

ஓலேயின் முன் இரண்டு வழிகள் இருந்தன. தம் பெயரைத் தாங்கிய நிறுவனத்தை உச்சிக்குக் கொண்டு செல்வது ஒன்று. துணைவியின் நலனுக்காக அதைக் கைவிடுவது மற்றொன்று. ஓலே இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். தம் பங்கை மேயருக்கு விற்றார். ஐந்து ஆண்டுகளுக்குப் படகு இயந்திரத் தொழிலில் போட்டியாக இறங்குவதில்லை என்றும் ஒப்பந்தம் செய்துகொண்டார். எவின்ரூட் என்னும் பெயர்கூட நிறுவனத்தோடு போயிற்று. பெஸ்ஸையும் மகனையும் அழைத்துக்கொண்டு பல ஊர்களுக்குப் பயணம் செய்தார்.

வாழ்நாள் உழைப்பை ஒரு கையெழுத்தில் விட்டுக்கொடுப்பது எளிதன்று. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஓலேயின் பயணம் முடிந்துவிட்டதாகவே தோன்றியிருக்கும். ஆனால், ஓய்வுக் காலத்திலும் அவருடைய மனம் இயந்திரத்தின் குறைகளை எண்ணியபடியே இருந்தது.

மறுபடியும் முதலிலிருந்து

ஒப்பந்தக் காலம் முடியும் தறுவாயில் ஓலே புதியதோர் இயந்திரத்தை வடிவமைத்திருந்தார். இம்முறை ஒரு சிலிண்டருக்குப் பதில் இரண்டு சிலிண்டர்கள். கனமான உலோகங்களுக்குப் பதிலாகப் பல பாகங்களில் அலுமினியம். இரண்டு சிலிண்டர்களும் எதிரெதிராக அமைந்ததால் அதிர்வும் குறைந்தது. ஆற்றல் மூன்று குதிரைத்திறன். எடையோ ஏறத்தாழ 22 கிலோகிராம்தான். பழைய இயந்திரத்தைவிட ஆற்றல் இருமடங்கு, எடை குறைவு.

ஓலே அந்த வடிவமைப்பை எடுத்துக்கொண்டு முதலில் சென்றது தம் பழைய பங்குதாரர் மேயரிடம்தான். மேயர் அதை ஏற்கவில்லை. எனவே, ஓலேயும் பெஸ்ஸும் 1920களின் தொடக்கத்தில் மீண்டும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். சொந்தப் பெயரைப் பயன்படுத்த வழியில்லை. எவின்ரூட்டின் இலேசான இரட்டை இயந்திரம் என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து, எல்டோ என்னும் பெயரைச் சூட்டினர்.

எல்டோ இயந்திரத்தின் தனிச்சிறப்பு அதன் எளிதான இயக்கம். மின்கலத்தின் துணையால் வலுவான தீப்பொறியைத் தரும் அமைப்பு அதில் பொருத்தப்பட்டது. சக்கரத்தைப் பலமுறை வேகமாகச் சுழற்றித் தோள் வலிக்கத் தேவையில்லை. ஒரு சிறு சுண்டலே போதுமானதாக இருந்தது. பல ஆண்டுகளாகப் படகோட்டிகளைப் படுத்திய சிக்கலுக்குத் தசைவலிமையால் அல்லாமல் சிந்தனையால் விடை கண்டார் ஓலே.

போட்டியும் பொறுப்பும்

1922ஆம் ஆண்டில் ஜான்சன் சகோதரர்கள் இன்னும் இலேசான இயந்திரத்துடன் சந்தைக்கு வந்தனர். போட்டி கடுமையானது. ஓலே அதைக் கண்டு துவளவில்லை. தம் இயந்திரங்களை மேன்மேலும் செம்மைப்படுத்தினார். 1928ஆம் ஆண்டில் நான்கு சிலிண்டர்கள் கொண்ட எல்டோ இயந்திரம் வெளிவந்தது.

1929ஆம் ஆண்டில் எல்டோ நிறுவனமும், பழைய எவின்ரூட் நிறுவனமும், லாக்வுட் நிறுவனமும் ஒன்றாக இணைந்தன. புதிய நிறுவனத்தின் தலைவராக ஓலே பொறுப்பேற்றார். பல ஆண்டுகளுக்கு முன் விட்டுக்கொடுத்த தம் பெயர், ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் அவர் கைக்கு வந்தது.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அதே ஆண்டின் இறுதியில் உலகப் பொருளாதார மந்தநிலை தொடங்கியது. அமெரிக்காவில் வங்கிகள் வீழ்ந்தன, ஆலைகள் மூடப்பட்டன. ரப்பர் விலை சரிந்து, மலாயாவின் தோட்டங்களில் வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர்கள் பலர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் அந்த நெருக்கடியால்தான். அத்தகைய காலத்தில் உல்லாசப் படகுக்கு இயந்திரம் வாங்குவோர் குறைந்தனர். இருப்பினும், ஓலேயும் அவருடைய மகன் ரால்ஃபும் நிறுவனத்தைக் கைவிடவில்லை.

1933ஆம் ஆண்டில் பெஸ் காலமானார். கடிதம் எழுதித் தந்த தோழியாக, கணக்கைக் காத்த துணையாக, விளம்பரத்தால் உலகைக் கவர்ந்த பங்காளியாக விளங்கியவர் மறைந்தார். அடுத்த ஆண்டே, 1934ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், ஓலே எவின்ரூட்டும் தமது 57ஆம் வயதில் இயற்கை எய்தினார். பின்னர், ரால்ஃப் தம் தந்தையின் போட்டியாளராக இருந்த ஜான்சன் நிறுவனத்தையும் தங்கள் நிறுவனத்தோடு இணைத்து வளர்த்தார்.

எந்தப் பெயரும் என்றும் நிலைப்பதில்லை. 2020ஆம் ஆண்டில் எவின்ரூட் இயந்திரங்களின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆனால், படகின் பின்பலகையில் எந்த நிறுவனத்தின் இயந்திரம் தொங்கினாலும், ஓலே தேடிய விடைகளின் சாயல் அதில் இன்றும் தெரிகிறது.

கடல் கற்பிக்கும் ஒழுங்கு

மலாக்கா நீரிணையில் இயந்திரம் நின்று தவிக்கும் மீனவர் இப்போது என்ன செய்வார்? அனுபவம் இல்லாதவர் பதற்றத்தோடு கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பார். அனுபவசாலியோ முதலில் நங்கூரத்தை இறக்குவார். படகு அடித்துச் செல்லப்படாதபோதுதான் சிந்திக்க நேரம் கிடைக்கும். பிறகு, எளியவற்றிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.

இயந்திரத்தை அவசரத்தில் நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றின் கொக்கி சரியாக மாட்டப்பட்டுள்ளதா? அது கழன்றிருந்தால் தீப்பொறியே எழாது. கியர் நடுநிலையில் இருக்கிறதா? பெட்ரோல் கலத்தின் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? அது மூடியிருந்தால், முதலில் வழிந்த பெட்ரோலும் சிறிது நேரத்தில் நின்றுவிடும். எரிபொருள் குழாய் எங்கேனும் மடிந்திருக்கிறதா? குழாயின் நடுவில் உள்ள ரப்பர் குமிழை அழுத்தினால் அது கெட்டியாகிறதா? கலத்தில் இருப்பது நெடுநாள் தேங்கிய பெட்ரோலா, தண்ணீர் கலந்த பெட்ரோலா?

இவை சரியாக இருந்தும் பெட்ரோல் நெடி மூக்கைத் துளைத்தால், இயந்திரத்துக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது என்று உணர்வார். சோக்கை விட்டுவிட்டு, இயந்திரத்தைச் சில நிமிடங்கள் ஓயவிடுவார். தேவைப்பட்டால், பாதுகாப்புக் கொக்கியைக் கழற்றிவிட்டு, ஸ்பார்க் பிளக்கை எடுத்துத் துடைத்து உலர்த்துவார். கயிற்றைச் சிலமுறை இழுத்துத் தேங்கிய பெட்ரோலை வெளியேற்றுவார். அந்நேரத்தில் நெருப்போ சிகரெட்டோ அருகில் வர விடமாட்டார். ஆவி கலைந்த பிறகு எல்லாவற்றையும் முன்போலப் பொருத்தி, மீண்டும் இழுப்பார். பெரும்பாலும் இயந்திரம் இசைந்துவிடும். இளையோர் இவற்றைப் பெரியவர்களின் துணையோடுதான் செய்ய வேண்டும்.

பெஸ்ஸின் விளம்பரம் துடுப்பைத் தூக்கி வீசச் சொன்னது. ஆயினும், அனுபவமுள்ள மீனவர் துடுப்பை வீசிவிடுவதில்லை. படகின் அடியில் ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பார். உயிர்காப்பு அங்கியும் அணிந்திருப்பார். இயந்திரத்தை நம்புபவர், அது நின்றுபோகும் நேரத்துக்கும் ஆயத்தமாக இருப்பதே அறிவுடைமை.

ஓலே எவின்ரூட்டின் வாழ்க்கையும் இதையே காட்டுகிறது. தந்தை எரித்த படகை அவர் மறுபடியும் செய்தார். விற்றுவிட்ட தொழிலை வாக்கு மீறாமல் காத்திருந்து மறுபடியும் தொடங்கினார். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ஆனால், வைக்கும் அடி சரியான இடத்தில் விழ வேண்டும். எங்கே குறை இருக்கிறது என்று பொறுமையோடு தேடிப் பார்த்து, அதை நீக்கிய பிறகு மீண்டும் ஒருமுறை கயிற்றை இழுப்பவருக்கே கரை கிட்டும்.